நிற்கும் விமானத்தின் அருகில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் குடியிருக்கிறேன். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், என் தொழில் தெரிந்தவர்கள் வழியில் நிறுத்திக் கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. பிள்ளையை விமானிப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் கடலூர்ப் பெற்றோர், விமானப் பராமரிப்புப் பொறியியல் படிக்கும் மாணவர்கள், ஹெலிபேட் மைதானத்தில் காலை நடைக்கு வரும் பெரியவர்கள் எனப் பலரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் பறக்கும் விமானத்தைப் பற்றி எதுவும் இல்லை. எல்லாம் தரையில் நடப்பவை.

விமானம் நின்றுகொண்டுதானே இருக்கிறது, அதில் என்ன ஆபத்து?

நிற்பதால்தான் ஆபத்து. பறக்கும் விமானத்தைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அச்சம் இருக்கிறது. நிற்கும் விமானத்தை யாரும் அஞ்சுவதில்லை. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் செஸ்னா 172 ஒரு சிறிய காரின் எடைதான், ஏறக்குறைய 750 கிலோ. ஒருவரே தள்ளி நகர்த்திவிடலாம். அந்த எளிமை கண்ணை ஏமாற்றுகிறது. துடைப்பவர், தள்ளுபவர், பெட்ரோல் நிரப்புபவர், படம் எடுக்க வந்த உறவினர் ஆகியோர்தான் தரையில் அடிபடுகிறார்கள். விமானிக்கு இருக்கைப் பட்டையும் உரிமமும் பல மாதப் பயிற்சியும் உண்டு. துடைக்கும் உதவியாளருக்குப் பல இடங்களில் ஒரு வாளியும் ஒரு துணியும்தான் கொடுக்கப்படுகின்றன. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அவர்களை நினைத்துத்தான்.

சாவியை அணைத்து எடுத்துவிட்ட பிறகும் ப்ரொப்பெல்லர் தானாகச் சுற்றுமா?

சுற்றும். என் கண் முன்னால் சுற்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் ஓர் உதவியாளர் இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் அழைப்போம். ஒரு நாள் காலையில் ப்ரொப்பெல்லரில் ஒட்டியிருந்த பூச்சிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மேல் பக்க இலை முடிந்ததும், கீழ் இலையைக் கைக்கு எட்டும்படி கொண்டுவர மெதுவாகத் திருப்பினார். "அண்ணே, பார்த்து" என்றேன். "சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, தம்பி" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, 'டக்' என்று ஒரு சத்தம். ப்ரொப்பெல்லர் ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது. அவர் கையில் இருந்த துணியைக் காணவில்லை. அது விமானத்தின் மறுபக்கத்தில் சக்கரத்தருகே கிடந்தது. அவர் சட்டையின் கீழ்ப் பொத்தானும் அறுந்திருந்தது. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாவி அப்போதும் அவர் பையில்தான் இருந்தது.

காரணம் மேக்னட்டோ, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி. பழைய டிவிஎஸ் 50 மொபெட் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். அந்த வண்டி பேட்டரி செத்துப்போனாலும் மிதித்தால் கிளம்பும். ஏனென்றால் சுழலும் காந்தமே தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்குகிறது. சிறு விமானங்களின் பிஸ்டன் இன்ஜினிலும் இதே ஏற்பாடுதான், ஒன்றுக்கு இரண்டாக. காரில் சாவியை அணைத்தால் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. மேக்னட்டோவில் அப்படி இல்லை. அணைக்கும்போது, அது உண்டாக்கும் மின்சாரம் ஒரு கம்பி வழியாக எர்த் ஆகி வீணடிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்தக் கம்பி அறுந்தாலோ முனையில் தளர்ந்தாலோ சாவிக்கு எந்த அதிகாரமும் இல்லை. மேக்னட்டோ உயிரோடு இருக்கும். போதாததற்கு, மெதுவாகச் சுற்றினாலும் பலமான பொறி வரட்டும் என்று உள்ளே ஒரு சுருள்வில் வைத்திருக்கிறார்கள். கையால் திருப்பும்போது கேட்கும் 'டக்' அந்த வில் விடுபடும் ஓசை. சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சமிருந்தால் அதுவே போதும்.

அன்று மூடியைக் கழற்றிப் பார்த்தோம். எர்த் கம்பி முனையருகே பச்சைப் பாசி போல உப்பேறி அற்றுப்போயிருந்தது. வங்கக் கடலோரக் காற்று செம்பை என்ன செய்யும் என்பது, வீட்டுச் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்த புதுச்சேரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இல்லையா?

இருக்கிறது, சில நொடிகள்தான் ஆகும். இன்ஜினை நிறுத்தப் போகும் நேரத்தில், மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, சாவியை ஒரு கணம் அணைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். இன்ஜின் தடுமாறினால் எர்த் நன்றாக இருக்கிறது. எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருந்தால் கம்பி அறுந்துவிட்டது. அந்த விமானத்தில் உடனே எச்சரிக்கை அட்டை மாட்டி, பொறியாளரை அழைக்க வேண்டும். இன்ஜினை எப்போதும் எரிபொருளைத் துண்டித்தே நிறுத்துவதும் இதனால்தான். அப்போது சிலிண்டரில் எரிவதற்கு எதுவும் மிஞ்சாது என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பு என்றுதான் சொல்கிறேன். ஆகவே ப்ரொப்பெல்லரைத் தொட வேண்டியிருந்தால், அது அடுத்த நொடி சுற்றப் போகிறது என்றே எண்ணித் தொடுங்கள். இலைகளின் சுழற்சிப் பாதைக்குள் தலை, கை, முழங்கால் எதுவும் இருக்கக் கூடாது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறும் துப்பட்டாவும் வேண்டாம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். விமானத்தைத் தள்ளுவதற்கு ப்ரொப்பெல்லரைக் கைப்பிடியாகப் பயன்படுத்தவே கூடாது. இந்த ஒரு பழக்கத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன், அதிகம் சண்டையும் போட்டிருக்கிறேன்.

ஓடுகிற ப்ரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாதா என்ன?

தெரியாது. மிகக் குறைந்த வேகத்தில், நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இலைகள் என்றால் நொடிக்கு 26 முறைக்கு மேல் ஓர் இலை உங்கள் முன்னால் கடக்கிறது. கண் அதைப் பிரித்தறியாது, பின்னால் உள்ள புல்லும் சுவரும் தெளிவாகத் தெரியும். செஸ்னா 172 போன்ற விமானத்தில் அந்த வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 1.9 மீட்டர். அந்த மெதுவான சுழற்சியிலேயே இலையின் நுனி மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

இன்னொன்று, பழகிய காதுக்கு அந்த இரைச்சல் பின்னணிச் சத்தமாகிவிடும். பக்கத்தில் வேறு விமானம் ஓடிக்கொண்டிருந்தால் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று தெரியாது. இறங்கியவர் கதவைச் சாத்திவிட்டு, முன்னால் நிற்கும் நண்பரை நோக்கி நேராக நடப்பார். அந்த நேர்வழியில்தான் ப்ரொப்பெல்லர் இருக்கிறது. யாரையாவது ஏற்றவோ இறக்கவோ வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்ய ஒரு நிமிடம்தான் ஆகும்.

லாஸ்பேட்டைக்கு வரும் ஏடிஆர் என்ற ப்ரொப்பெல்லர் பயணி விமானங்களுக்கும் இது பொருந்துமா?

அங்கே பயணிகள் ஊழியர்கள் காட்டும் வழியில்தான் நடக்க வேண்டும். ஏறும் கதவும் வால் பக்கம் இருக்கிறது, ப்ரொப்பெல்லர் வெகு முன்னால். ஆனாலும் ஒரு செய்தி தெரிந்திருக்கட்டும்: ஏடிஆரின் வலது இன்ஜினில் ப்ரொப்பெல்லருக்கென்றே ஒரு பிரேக் உண்டு. ப்ரொப்பெல்லர் நின்றிருக்க, உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கலாம். நிற்கும் ப்ரொப்பெல்லர் என்றால் நின்ற இன்ஜின் என்று முடிவுகட்டாதீர்கள்.

ஜெட் விமானத்தில் ஆபத்து முன்னாலும் பின்னாலும். 2015 டிசம்பரில் மும்பை விமான நிலையத்தில், விமானம் நகரத் தொடங்கிய நேரத்தில் தரைப் பணியில் இருந்த தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். அனுபவமுள்ளவர்.

தேர்தல் சமயத்தில் ஹெலிகாப்டர் வந்து இறங்கும்போது கூட்டம் ஓடுகிறதே?

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். தலைக்கு மேல் சுற்றும் பெரிய இறக்கை எல்லோருக்கும் தெரிகிறது, குனிந்துகொள்கிறார்கள். வாலில் இருக்கும் சிறிய சுழலிதான் யாருக்கும் தெரிவதில்லை. 2023 ஏப்ரல் 23 அன்று, கேதார்நாத் யாத்திரை தொடங்குவதற்குச் சற்று முன்பு, அங்குள்ள ஹெலிகாப்டர் தளத்தில் அரசு அதிகாரி ஒருவர் வால் சுழலியில் அடிபட்டு இறந்தார். ஏற்பாடுகளைப் பார்வையிட வந்தவர் அவர். ஹெலிகாப்டரை அணுகுவதென்றால் விமானியின் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கத்திலிருந்து, அவர் கையசைத்த பிறகு மட்டுமே. சரிவான நிலமாக இருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து அணுகக் கூடாது, அந்தப் பக்கம் இறக்கை தரைக்கு நெருக்கமாக இருக்கும். குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

விமானத்தைத் தள்ளி ஹேங்கருக்குள் வைக்கும்போது என்னென்ன நடக்கிறது?

உயிர்ச்சேதம் குறைவு, பணச்சேதம் அதிகம். இறக்கை நுனி தூணில் உரசும், வால் கதவில் இடிக்கும். முன்சக்கரத்தைத் திருப்ப ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டித் திருப்பினால் உள்ளே உள்ள தடுப்பு உடையும், வெளியே எதுவும் தெரியாது. வேலையை முடித்துவிட்டு முன்சக்கரத்தில் மாட்டிய இழுகம்பியைக் கழற்ற மறந்து, அப்படியே இன்ஜினை ஸ்டார்ட் செய்த கதைகள் ஒவ்வொரு விமானதளத்திலும் உண்டு. ப்ரொப்பெல்லர் கம்பியை அடித்த பிறகு இலையை மட்டும் மாற்றிவிட்டுப் பறக்க முடியாது. அந்த அதிர்ச்சி இன்ஜினின் உள்தண்டு வரை போயிருக்கும், முழுவதையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். எங்கள் வழக்கம் ஒன்றுதான்: இழுகம்பியிலிருந்து கையை எடுத்தால் இழுகம்பி சக்கரத்தில் இருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கப் போனாலும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

உயர இறக்கை விமானங்களில் இறக்கையின் பின்விளிம்பு சரியாக நெற்றி உயரத்துக்கு இருக்கும், கத்தி போல மெல்லியது. என் புருவத்துக்கு மேல் மூன்று தையல் போட்ட தழும்பு அதனால் வந்தது. அந்த விளிம்பில் சிவப்புப் பட்டைத் துணி கட்டித் தொங்கவிடுவது நல்ல பழக்கம்.

எரிபொருள் மாறிப்போவது உண்மையிலேயே நடக்குமா?

நடக்கும், அதன் பலனும் கொடியது. பிஸ்டன் இன்ஜினுக்கு வேண்டியது ஏவ்காஸ் 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோல், நீல நிறச் சாயம் சேர்த்தது. ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் வகை, நிறமற்றது அல்லது வைக்கோல் நிறம். நெடுங்காலம் இந்தியா ஏவ்காஸை இறக்குமதிதான் செய்தது. 2022-இல் இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரித்து அறிமுகப்படுத்தியது.

பிஸ்டன் விமானத்தில் ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டால் உடனே எதுவும் தெரியாது. குழாயில் மிச்சமிருக்கும் பழைய பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகும், ஓடுபாதை வரை போகும், சில நேரம் மேலே எழும்பவும் செய்யும். தரையில் நடந்த தவறு வானத்தில் போய் வெடிக்கிறது. நிரப்புபவரிடம் 'ஃபுல் பண்ணுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று, குழாயில் உள்ள பெயரைப் படித்துவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். பெட்ரோல் ஆவியாகிவிடும், ஜெட் எரிபொருள் கலந்திருந்தால் எண்ணெய் வளையம் தங்கும்.

தண்ணீர் கலப்பது நம் ஊரில் இதைவிட அன்றாடப் பிரச்சினை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் வெளியே நின்ற விமானத்தின் டேங்க் மூடியில் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் போதும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். அடிவால்விலிருந்து கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், கீழே முத்து போல உருண்டு நிற்கும். ஒரு தவறு மட்டும் செய்யாதீர்கள்: குவளை முழுவதும் ஒரே மாதிரி தெளிவாக இருப்பதால் நல்லது என்று முடிவுகட்டுவது. முழுவதும் தண்ணீராகவே இருந்தாலும் தெளிவாகத்தான் இருக்கும். நீலம் தெரிகிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நிரப்புவதற்கு முன் விமானத்தையும் நிரப்பும் வண்டியையும் கம்பியால் இணைப்பது நிலைமின்சாரப் பொறியைத் தடுக்க. ஈரக்காற்று ஊர்தானே என்று விட்டுவிடக் கூடாது.

புயல் வருகிறது என்று தெரிந்தால் விமானத்தை என்ன செய்வது?

முடிந்தால் வேறு ஊருக்கு ஓட்டிப் போய்விடுங்கள். அதுதான் முதல் வழி. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. காற்று மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டியது. கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பயிற்சி விமானம் பறப்பதற்கு அதன் இறக்கையின் மேல் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகக் காற்று இருந்தால் போதும். ஆகவே தானே போன்ற காற்றில், நின்ற இடத்திலேயே விமானம் பறக்கப் பார்க்கும். கயிறு மட்டுமே அதைத் தடுக்கிறது.

போக முடியவில்லை என்றால், மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி, இரண்டு இறக்கையையும் வாலையும் கான்கிரீட்டில் பதித்த வளையங்களில் கட்டுங்கள். புயல் கடக்கும்போது காற்றின் திசை மாறும் என்பதால் வால் கட்டு இறக்கைக் கட்டுக்குச் சமமான பலத்துடன் இருக்க வேண்டும். கயிற்றில் துளி இளக்கம் விடுங்கள், நனைந்தால் சுருங்கும் கயிறு இறக்கையை முறுக்கிவிடும். அதிகம் இளக்கினால் ஒவ்வொரு காற்றடிக்கும் விமானம் வெட்டி வெட்டி இழுத்துக் கொக்கியையே பிடுங்கிவிடும். துருப்பிடித்த வளையத்தில் கட்டுவதும் கட்டாமல் விடுவதும் ஒன்றுதான். ஐப்பசி பிறக்கும் முன்பே வளையங்களைச் சுத்தியால் தட்டிப் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் கிடக்கும் தகரம், பலகை, நாற்காலி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். விமானத்தைச் சேதப்படுத்துவதில் காற்றுக்கு நிகரானது காற்றோடு வரும் தகரம்.

புயலுக்குப் பிறகு முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பூட்டிய பூட்டுகளைத் திறந்தோமா என்று. காற்றில் சுக்கான் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூட்டு ஒன்று போடுவோம். அதை எடுக்க மறந்து பறந்ததால் நடந்த விபத்து, விமானத் துறையையே மாற்றியிருக்கிறது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் எழும்பிய உடனே விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள், பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் சரிபார்ப்புப் பட்டியலைப் படித்தே தீர வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியது. அப்படியும் 2014 மே மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு தனியார் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் பூட்டு விலகாமலே ஓடுபாதையில் ஓடி, மேலே எழும்ப முடியாமல் எரிந்தது. அதில் இருந்த 7 பேரும் இறந்தார்கள்.

அடுத்தது குளவி. நம் ஊர் மண்குளவி எந்தத் துளையையும் விடாது. காற்று வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயின் வாய், அது கூடு கட்டுவதற்கென்றே செய்ததுபோல இருக்கும். உறை மாட்டாமல் சில நாள் விட்டால் மண் வைத்து அடைத்துவிடும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் 189 பேர் இறந்த பிர்கனேர் போயிங் 757 விபத்தில், அடைபட்ட பிட்டோ குழாய்தான் தொடக்கம். குளவிக்கூடாக இருக்கலாம் என்றே விசாரணையாளர்கள் கருதினார்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது தீப்பிடித்தால்?

அதிகப் பெட்ரோலை ஊட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் மூச்சு இழுக்கும் வாயில் தீ பிடிக்கலாம். உடனே இறங்கி ஓடத் தோன்றும். ஆனால் ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து இயக்க வேண்டும், இன்ஜின் அந்தத் தீயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது கைகொடுக்கவில்லை என்றால் எரிபொருளை அடைத்துவிட்டு, இறங்கித் தீயணைப்பானை எடுங்கள். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு அது நேரம் இல்லை, காலையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

சக்கரம் கழற்றுவது கார்ச் சக்கரம் போலத்தானே?

இல்லை. சிறு விமானத்தின் சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட்டால் சேர்த்தது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்த போல்ட்டைக் கழற்றினால் பாதிச் சக்கரம் முகத்தில் வந்து அடிக்கும். முதலில் காற்று, பிறகு போல்ட்.

தரையில் அடிபட்டால் அது சட்டப்படி விமான விபத்தாகுமா?

சர்வதேச வரையறைப்படி, பறக்கும் நோக்கத்தோடு ஒருவர் ஏறியதிலிருந்து எல்லோரும் இறங்கும் வரை நடப்பதுதான் விமான விபத்து. அப்படிப் பார்த்தால் எங்கள் அண்ணனுக்கு அன்று உயிர் போயிருந்தாலும் அது விமான விபத்துக் கணக்கில் வந்திருக்காது. துடைக்கும்போதும் தள்ளும்போதும் அடிபடுகிறவர்கள் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. எண்ணப்படாத காயத்துக்கு யாரும் தீர்வு தேடுவதில்லை. கணக்கில் வராவிட்டாலும் எழுதிவையுங்கள், நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். மயிரிழையில் தப்பியதையும் எழுதுங்கள். அன்று நாங்கள் எழுதவில்லை. வெளியே தெரிந்தால் அண்ணனின் வேலை போய்விடும் என்று பயந்தோம்.

எங்கள் ஊர் வயலில் ஒரு சிறு விமானம் அவசரமாக இறங்கிவிட்டால் உதவப் போகலாமா?

போகலாம், ஆனால் ப்ரொப்பெல்லர் பக்கம் போகாதீர்கள், பீடியும் தீக்குச்சியும் வேண்டாம். 112-க்குச் சொல்லுங்கள். சிரஸ் போன்ற சில விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உண்டு, அதை வெளியே தள்ள உள்ளே ஒரு ராக்கெட் இருக்கிறது. அது வெடிக்காமல் இறங்கியிருந்தால் இன்னும் ஆபத்து. உடற்பகுதியில் எச்சரிக்கை வாசகம் ஒட்டியிருக்கும், அந்த இடத்தை வெட்டவோ நெம்பவோ கூடாது.

கையோ விரலோ துண்டாகியிருந்தால், சுத்தமான துணியை வைத்துக் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வையுங்கள். பனிக்கட்டி நேராகச் சதையில் படக் கூடாது. லாஸ்பேட்டையிலிருந்து கோரிமேடு ஜிப்மர் சில கிலோமீட்டர்தான்.

மகன் விமானிப் பயிற்சிக்குச் சேரப் போகிறான். என்ன சொல்லி அனுப்புவது?

இதைக் கேட்ட கடலூர் அம்மாவிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன் விமானி ஜன்னலைத் திறந்து, விலகச் சொல்லிக் குரல் கொடுப்பது விதி. பலர் சாவியைத் திருப்பிக்கொண்டே அதைச் சொல்கிறார்கள். முதல் வாரத்திலேயே, தன் விமானத்தைத் துடைக்கும் உதவியாளரின் பெயரை உங்கள் மகன் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பெயர் தெரிந்தால், அவரைத் தேடிப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, அவர் கையைத் தூக்கிக் காட்டும் வரை சாவியில் கை வைக்காமல் இருப்பான்.